தர்பார் செட் வாடகைக்கு: தண்டையார்பேட்டை ரிசப்ஷனில் எடுத்துப் பார்த்தது

தம்பியின் ரிசப்ஷனுக்கு ‘தர்பார் செட்’ எடுத்தோம். எடுக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இது. கடை பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருக்கிறது. குறைகளும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம். இந்தப் பக்கத்தில் இதே தொழிலில் நாலைந்து கடைகள் இருக்கின்றன, எல்லாவற்றிலும் சரக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான்.

28,000 ரூபாய்க்கு என்ன கிடைக்கும் என்றால்: இரட்டைச் சிம்மாசனம், பொண்ணு மாப்பிள்ளைக்குக் கிரீடம், ஒரு வாள், ஒரு செங்கோல், ஜரிகைக் குடை, வெண்சாமரம், அதை வீச சேவகர் வேஷத்தில் இரண்டு பையன்கள். சாரட்டு வண்டிக்குத் தனிக் காசு. குதிரையோடு 14,000, பேட்டரி வண்டி என்றால் 9,000. நாங்கள் பேட்டரி வண்டிதான் எடுத்தோம். டி.எச். ரோட்டில், அந்த ஹாரன் சத்தத்துக்கு நடுவில், ஒரு குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துவது பாவம்.

சாமான் வந்து சேர்ந்த நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். குடோன் எர்ணாவூரில். கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு, நாலு மணிக்கு வர வேண்டியது ஆறரைக்கு வந்தது. வடசென்னையில் குடோன் எங்கே என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

சிம்மாசனம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஃபைபர் அச்சில் வார்த்து, தங்க பெயின்ட் அடித்து, கைப்பிடியில் சிங்க முகம் வைத்து, சிவப்பு வெல்வெட் போட்டிருந்தார்கள். ஆனால் உயரம் அதிகம். பொண்ணுக்குக் கால் தரையில் எட்டவில்லை, அந்தரத்தில் தொங்கியது. மணை ஒன்றை இரவல் வாங்கிக் காலடியில் போட்டோம். கைப்பிடியில் பெயின்ட் உரிந்து, அண்ணி பட்டுப்புடவையில் மினுமினுவென்று ஒட்டிக்கொண்டது, இன்னும் போகவில்லை. உட்காருவதற்கு முன் ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துப் பார்த்துவிடுங்கள்.

கிரீடம் இன்னொரு கதை. தகடும் கண்ணாடிக் கல்லும் வைத்து, உள்ளே ஸ்பாஞ்ச் சுற்றியது. எல்லாத் தலைக்கும் ஒரே அளவு. தம்பிக்குக் கொஞ்சம் பெரிய தலை, அரை மணி நேரத்தில் நெற்றியில் சிவப்பாகத் தடம் விழுந்துவிட்டது. இதில் அவனுக்கு நல்ல துணை உண்டு. பூக்கடை காவல் நிலையத்துக்குப் பக்கத்தில் சிலையாக நிற்கிறாரே பிரிட்டிஷ் ராஜா ஐந்தாம் ஜார்ஜ், மாலை வாங்கப் போகிற யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை, ஜார்ஜ் டவுன் என்ற பெயருக்கே சொந்தக்காரர், அவருக்கும் இதே பிரச்சினை. 1911இல் டெல்லி தர்பாருக்கு அவர் வந்தபோது, பிரிட்டிஷ் ராஜ கிரீடத்தை நாட்டை விட்டு வெளியே எடுக்கக் கூடாது என்று இதற்கென்றே புதிதாக ஒன்று செய்தார்கள். செலவு 60,000 பவுண்டு, கொடுத்தது இந்திய வருமானத்திலிருந்து. மூன்றரை மணி நேரம் போட்டிருந்துவிட்டு, கனம், தலை வலிக்கிறது என்று டைரியில் எழுதி வைத்திருக்கிறார். அதற்கப்புறம் அதை எந்த ராஜாவும் தலையில் வைக்கவில்லை, இப்போது லண்டன் கோபுரக் கோட்டையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. எங்கள் கிரீடத்தை மட்டும் தனியாக எடுத்தால் வாடகை 600 ரூபாய், அது மறுநாளே அடுத்த மாப்பிள்ளைக்குப் போய்விட்டது.

செட் எடுக்கலாம் என்றதுமே எதிர்த்தவர் நைனா. பி அண்ட் சி துணி மில்லில் 1996இல் அதை மூடும்வரை வேலை செய்தவர், சங்கத்து ஆள். “மன்னர் மானியத்தை 71லயே ஒழிச்சாச்சு, நீ இன்னாத்துக்குடா கிரீடம் வெக்கிற?” என்றார், பழைய சமஸ்தான ராஜாக்களுக்கு அரசாங்கம் கொடுத்துவந்த பணத்தைச் சொல்லி. தம்பி, “ஒரு நாளைக்குத்தானே நைனா” என்றான். அவர் மேடை ஏறினார், ஆசீர்வாதம் செய்தார், சிம்மாசனத்தில் மட்டும் கடைசிவரை உட்காரவில்லை. பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டுக்கொண்டு சிம்மாசனத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார், ஆல்பத்திலும் அப்படித்தான் இருக்கிறார்.

2023 மே மாதம் மூன்றாம் சார்லஸ் முடிசூட்டிக்கொண்டதை நானும் நைனாவும் டிவியில் பார்த்தோம். வீட்டிலிருந்து பார்க்கிற ஜனங்களும் விரும்பினால் விசுவாசப் பிரமாணம் சொல்லலாம் என்று ஏற்பாடு செய்து, அதற்கு அங்கேயே எதிர்ப்பு கிளம்பியிருந்தது. ‘என் ராஜா இல்லை’ என்று மஞ்சள் அட்டை பிடிக்க வந்த, ராஜா வேண்டாம் என்கிற ‘ரிபப்ளிக்’ அமைப்புக்காரர்களில் ஆறு பேரை அன்று காலையிலேயே போலீஸ் பிடித்து வைத்தது, அப்புறம் வருத்தம் தெரிவித்தது. விழாவுக்கு அரசாங்கச் செலவு 7 கோடி 20 லட்சம் பவுண்டு என்று பின்னால் கணக்கு வந்தது. நைனா கேட்டது ஒன்றே ஒன்று: “அவன் எப்ப எழுந்துப்பான்?” எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. அதே மாதம் 28ஆம் தேதி டெல்லியில் புதிய நாடாளுமன்றத்தில் செங்கோல் வைத்தார்கள். 1947இல் நேருவிடம் கொடுத்த அந்தச் செங்கோலைச் செய்தது சென்னை நகைக்கடைக்காரர்கள்தான். வாடகைக் கடைக்காரரைக் கேட்டால், அதற்கு முன்பு வாளைத்தான் கேட்பார்கள், இப்போது எல்லாருக்கும் செங்கோல் வேண்டும் என்கிறார். கட்சி மேடைகளுக்குப் போகிறதுதான் அதிகமாம், எந்தக் கட்சி என்று வித்தியாசம் இல்லையாம்.

ஆனால் நைனா சொன்னதோடு நான் முழுசாக ஒத்துப்போகவில்லை. காரணம் பொண்ணு வீட்டு ஆயா. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து கல்யாணம் ஆகி வியாசர்பாடிக்கு வந்தவர். பேத்தி குடைக்குக் கீழே சாரட்டில் வந்து இறங்கியதைப் பார்த்துவிட்டு, “எங்க ஊர்ல நம்ம ஜனம் ஊர்த்தெருவுல செருப்பு போட்டு நடந்தாலே கேப்பாங்க. வண்டி, குடை எல்லாம் எங்க?” என்றார். குடையும் பல்லக்கும் யாருக்கு உண்டு, யாருக்குக் கிடையாது என்று கணக்கு வைத்திருந்த ஊர்தானே இது. சென்னையிலும் அந்தக் கணக்கு இருந்தது. 1707இல் கல்யாண ஊர்வலம் எந்தத் தெருவில் போகலாம் என்று வலங்கை, இடங்கை என இரண்டு அணியாகப் பிரிந்திருந்த சாதிக்காரர்கள் அடித்துக்கொண்டு, கடைசியில் கவர்னர் தாமஸ் பிட் பெத்துநாயக்கன்பேட்டையை வலங்கைக்கும் முத்தியால்பேட்டையை இடங்கைக்கும் என்று பிரித்து விட வேண்டியதாயிற்று. இன்றைக்கு 9,000 ரூபாய் கொடுத்தால் எந்தத் தெருவிலும் சாரட்டு போகும். டிராபிக் போலீஸ் மட்டும்தான் கேட்பார்.

ராஜா மேல் ஆசை என்று இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பந்தி முடிந்து பொண்ணு மாப்பிள்ளை இறங்கியதும் அந்தச் சிம்மாசனத்துக்கு வரிசை நின்றதே, அதைப் பார்த்திருக்க வேண்டும். பிரியாணி மாஸ்டர், தண்ணீர் கேன் போடும் அண்ணன், மண்டபத்து வாட்ச்மேன், தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும். ஒருவர் உட்கார்ந்து போட்டோ எடுத்ததும் அடுத்தவர் எழுப்பிவிடுவார். ஆயாதான் ரொம்ப நேரம் உட்கார்ந்தார். அவரை யாரும் எழுப்பவில்லை. கொடுத்த 28,000த்தில் எனக்குச் செரித்த பகுதி அந்த ஒரு மணி நேரம்தான்.

செரிக்காதது சேவகர் பையன்கள் விஷயம். கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள், ஆளுக்கு 400 ரூபாய். தலைப்பாகை, ஒட்டு மீசை, அந்த வெயில் காலத்தில் முழுக்கை வெல்வெட் சட்டை. உட்காரக் கூடாது, விருந்தாளிகளோடு சாப்பிடக் கூடாது என்று கடை சூப்பர்வைசர் உத்தரவாம். இவன் ஒரு ராத்திரி ராஜா ஆவதற்கு அவன் ஒரு ராத்திரி சேவகனாக வேண்டியிருக்கிறது, அது கடையின் விலைப்பட்டியலிலேயே இருக்கிறது. அம்மா கேட்கவில்லை, இரண்டாம் பந்தியிலேயே கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். சூப்பர்வைசர் முகம் சுளித்தார். நீங்கள் எடுப்பதானால் சேவகர் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், 2,000 குறைப்பார்கள். ஏசி மண்டபத்தில் சாமரம் எதற்கு?

முன்பணம் 5,000த்தில் 1,500 பிடித்துக்கொண்டார்கள். சிங்கத்தின் காது ஒன்று உடைந்துவிட்டதாம். வரும்போதே உடைந்துதான் வந்தது, நல்லவேளையாக வண்டியிலிருந்து இறக்கும்போது தம்பியின் நண்பன் எடுத்த வீடியோவில் அது தெரிந்தது. காட்டியதும், “இன்னாக்கா, மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல” என்று 1,000 திருப்பிக் கொடுத்தார் கடைக்காரர். மீதி 500 இன்னும் வர வேண்டும்.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். முழு செட் வேண்டாம். சிம்மாசனமும் பேட்டரி வண்டியும் போதும். கிரீடம் கட்டாயம் வேண்டும் என்கிற மாப்பிள்ளையைக் கடைக்கே கூட்டிப்போய், தலையில் வைத்து, கால் மணி நேரம் அங்கேயே நிற்கவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.