கூரை முழுசா இருக்கேன்னு விட்டுடாதீங்க: செயற்கைக்கோள் படங்களோடு பழகிய அனுபவம்

2015 நேபாள நிலநடுக்கத்திலிருந்து, செயற்கைக்கோள் படம் பார்த்துச் சேதமான கட்டடங்களைக் குறிக்கும் தன்னார்வ வேலையில் இருக்கிறேன். சிதறி விழுந்ததை இந்தப் படங்கள் நன்றாகக் காட்டும். நின்ற இடத்திலேயே அமுங்கியதைக் காட்டுவதில் இன்றுவரை சுமார்தான்.

2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியில் 7.8, 7.5 அளவில் ஒரே நாளில் இரண்டு பெரிய நிலநடுக்கங்கள். செயற்கைக்கோள் படம் எடுக்கும் மாக்சார் நிறுவனம் முன்னும் பின்னும் எடுத்த படங்களை இலவசமாக வெளியிட்டது. அங்குள்ள அந்தாக்யா நகரில் சிதறிய கட்டடங்களைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை, தெருவை அடைத்துச் சாம்பல் நிறக் குவியல் கிடக்கும். ஏமாற்றுவது தரைத்தளம் மட்டும் நொறுங்கி, மேல்மாடிகள் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்ட கட்டடம். கூரைமேல் இருக்கும் வெந்நீர்த் தொட்டிகூட அசையாமல் இருக்கும்!

அங்கே நான் நம்புவது நிழலை. அதே உயரமுள்ள பக்கத்துக் கட்டடத்தைவிட நிழல் குட்டையாக விழுந்தால் சந்தேகக் குறி போடுவேன். பழைய படத்து நிழலோடு ஒப்பிட்டால் குழப்பம்தான். மாதம் மாறினால் சூரியனின் உயரமும் மாறும். சாய்வாக எடுத்த படத்தில் நல்ல கட்டடங்களும் ஒரு பக்கம் படுத்த மாதிரி தெரியும். புதிதாக வருகிறவர்கள் இதில்தான் பதறுவார்கள்.

விமானத்திலிருந்து எடுத்த படம் கிடைத்தால் தனிச் சுகம். 2010-இல் ஹெய்ட்டியின் போர்ட்-ஓ-பிரின்ஸில் 15 செ.மீ. நுணுக்கத்தில் (படத்தின் ஒரு புள்ளி தரையில் 15 செ.மீ.) எடுத்தார்கள், செயற்கைக்கோள் படத்தில் தப்பிய இடிபாடுகள் பல அதில் சிக்கின. அதிலும் சுவர் விரிசல் தெரியாது. அதற்குப் பொறியாளர் நேரில் போயே ஆகவேண்டும்.

மேகமூட்டம் என்றால், மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார்தான் கதி. துருக்கிக்கு ஜப்பானின் ஏலோஸ்-2 ரேடார் செயற்கைக்கோள் பிப்ரவரி 8 அன்று எடுத்த தரவை, பழைய தரவோடு ஒப்பிட்டு, மாறிய இடங்களைச் சிவப்பாகக் காட்டும் சேத வரைபடம் போட்டார்கள். எந்தத் தெருவை முதலில் பார்ப்பது என்று முடிவெடுக்க அது அருமை. ஆனால் சிவப்புப் புள்ளியெல்லாம் இடிந்த வீடு இல்லை. புதுக் கட்டுமானமும் பனியும்கூடச் சிவக்கும். அதை வைத்து எண்ணிக்கை சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

மெதுவான இணையம் உள்ளவர்களுக்கு: மாக்சார் கோப்பு முழுவதையும் இறக்க வேண்டாம். கியூஜிஐஎஸ் (QGIS) என்ற இலவச வரைபட மென்பொருளில் கோப்பின் இணைய முகவரியைக் கொடுத்தால் பார்க்கும் பகுதி மட்டும் திறக்கும். உரிமத்தையும் படித்துவிடுங்கள், வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி கிடையாது.