சைக்கிள் ஏற்றக் கார் தேடுவோர் கவனத்திற்கு: காட்டிய பின்சீட் ஒன்று, கொடுத்த பின்சீட் வேறொன்று

சேலத்தில் பழைய கார் விற்கும் ஒரு கன்சல்டிங்கில், சைக்கிளை உள்ளே வைத்துக் கொண்டுபோவதற்கென்றே நான் ஒரு கார் வாங்கினேன். பார்க்கப் போன அன்று அதில் இருந்த பின்சீட் ஒன்று. சாவி கைக்கு வந்த அன்று இருந்தது வேறொன்று. கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டினார்கள், விபத்தில் சிக்கிய காரை மறைத்து விற்றார்கள் என்ற புகார்கள் நமக்குப் பழகிப்போனவை. சீட்டைக் கழற்றி மாற்றிக் காட்டுவார்கள் என்பதை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. விவகாரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் கடையின் பெயரையும் காரின் மாடலையும் தவிர்த்திருக்கிறேன். நடந்த விதத்தை மட்டும், இதே தேவையோடு கார் தேடும் மற்றவர்களுக்கு உதவும் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தேவையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏமாற்று நடந்ததே அந்தத் தேவையின் ஓரத்தில்தான். ஏற்காடு அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் சைக்கிளில் மிதித்து ஏறுவது எனக்குப் பிடித்தமானது, இறங்குவது அப்படியல்ல. மாலையில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் எதிரே வரும் பேருந்தின் விளக்குகூட அருகில் வந்த பிறகுதான் தெரியும், அதோடு மழையும் சேர்ந்துகொண்டால் என் சைக்கிளில் உள்ள ரிம் பிரேக் பாதிப் பிடிதான் பிடிக்கும். எனவே ஏறும்போது சைக்கிள், இறங்கும்போது கார் என்பது எங்கள் வீட்டு ஏற்பாடு. கார் ஓட்டுவது மனைவி. சேர்வராயன் கோயில் என்றால் தவறாமல் கிளம்பிவிடும் என் தாயாருக்குப் பின்சீட்டில் ஓர் இடம் வேண்டும். அதாவது, காரில் மூன்று பேர் உட்கார வேண்டும், அவர்களோடு ஒரு சைக்கிளும் வர வேண்டும்.

வெளியே மாட்டும் ரேக்குகளை நான் யோசிக்காமல் இல்லை. பின்கதவில் மாட்டும் ரேக் எண் பலகையையும் பின்விளக்கையும் மறைக்கிறது, மலைச்சாலையில் பின்விளக்கு மறைவது விளையாட்டல்ல. கூரை மேல் ஏற்றுவதானால் ஒவ்வொரு முறையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும். வழியில் டீ குடிக்க நிறுத்தினாலும் ஒரு கண் சைக்கிள் மேலேயே இருக்கும்.

உள்ளே வைப்பதென்று முடிவான பிறகு சைக்கிளை அளந்தேன். 700சி எனப்படும் வழக்கமான பெரிய அளவுச் சக்கரம் பூட்டிய சாலை சைக்கிளில் இரு சக்கர அச்சுகளுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மீட்டர் இருக்கும். முன்சக்கரத்தை மட்டும் கழற்றினால் பின்சக்கரத்தின் ஆரமும் சேர்ந்து மொத்த நீளம் சுமார் 134 செ.மீ. வருகிறது, இரண்டையும் கழற்றி, இருக்கையைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டையும் இறக்கிவிட்டால் ஒரு மீட்டருக்குச் சற்று மேலே நிற்கிறது. மவுன்டன் சைக்கிள் வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அவற்றின் அச்சு இடைவெளியும் கூடுதல், ஹேண்டில்பார் மட்டுமே 70 செ.மீ.யைத் தாண்டும். என் கணக்குப்படி, 60:40 எனப் பிரிந்து மடியும் பின்சீட் உள்ள ஒரு கார் போதும்: பெரிய பகுதியை மடித்து அதில் சட்டகத்தைச் சற்றே சாய்த்து வைத்து, சக்கரங்களைப் பையில் போட்டு அதன் பக்கத்தில் செருகிவிட்டால், சிறிய பகுதியில் ஒருவர் வசதியாக உட்காரலாம்.

இங்கே, விளம்பரங்களில் வரும் டிக்கி லிட்டர் கணக்கைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 20 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம் கொண்ட, ஒரு லிட்டர் அளவுள்ள கட்டைகளை மூலைமுடுக்கெல்லாம் அடுக்கி எண்ணிச் சொல்லும் முறைதான் பரவலாகப் பின்பற்றப்படுகிறது. சைக்கிள் அந்தக் கட்டையைப் போல மூலைக்குள் போய் ஒடுங்கிக்கொள்ளாது. 350 லிட்டர் டிக்கி உள்ள காரின் கதவு வாய் குறுகலாக இருந்தால் ஹேண்டில்பார் வெளியே நிற்கும். அதைவிடக் குறைந்த லிட்டர் உள்ள ஒரு பெட்டி வடிவக் கார் அதே சைக்கிளை எளிதில் விழுங்கிவிடும். ஆகவே லிட்டரை விட்டுவிட்டு, டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போவதே நல்லது.

எந்தெந்தக் கார்கள் பொருந்தும் என்று தேடியபோதே ஒன்று புரிந்தது: காரின் பெயர் நமக்கு எதையும் உறுதி செய்வதில்லை, வேரியண்ட்தான், அதாவது ஒரே மாடலில் வசதிகளைப் பொறுத்து வரும் வகைதான், உறுதி செய்கிறது. 2009-இல் இந்தியாவுக்கு வந்த ஹோண்டா ஜாஸில் பெட்ரோல் டேங்க் முன்சீட்டுகளுக்கு அடியில் இருப்பதால், பின்சீட்டின் அடிப்பலகையையே மேலே நிமிர்த்திவிடக்கூடிய மேஜிக் சீட் என்ற அமைப்பு புகழ்பெற்றது. ஆனால் 2015-இல் வந்த அடுத்த தலைமுறையில் அது உயர்ந்த வேரியண்ட்டுகளில் மட்டுமே இருந்தது, 2018-இல் செய்த மாற்றத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள். ரெனோ ட்ரைபரில் மூன்றாம் வரிசை இருக்கைகளைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டால் 625 லிட்டர் இடம் கிடைக்கும். எங்களுக்கு அது நல்ல தேர்வாக இருந்திருக்கும். எங்கள் தொகைக்குள் அப்போது ஒன்றும் அகப்படவில்லை.

அந்த நிலையில்தான் இந்தக் கன்சல்டிங்கின் விளம்பரம் கண்ணில் பட்டது. நான்கு மீட்டருக்குள் அடங்கும் ஒரு ஹேட்ச்பேக், டாப் வேரியண்ட், 60:40 ஸ்பிளிட் சீட் என்று தெளிவாகவே போட்டிருந்தார்கள். என்ன தேவை என்பதைத் தொலைபேசியிலேயே சொல்லி, சைக்கிளையும் ஒரு சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். பின்கதவில் உயர்ந்த வேரியண்ட்டின் எழுத்துகள் பளபளத்தன. பின்சீட் இரண்டாகப் பிரிந்து மடிந்தது. பெரிய பகுதியை மடித்துச் சைக்கிளை வைத்து, மறுபக்கம் நானே உட்கார்ந்தும் பார்த்தேன். "டாப் எண்டுங்க சார் இது. சைக்கிள் பாட்டுக்குச் சைக்கிள், அம்மா பாட்டுக்கு அம்மா" என்றார் விற்பவர். ஆர்.சி. வங்கிக் கடன் நீக்கத்திற்காகப் போயிருக்கிறது என்று சொல்லி ஒரு நகலைக் காட்டினார்கள். அதில் மாடல் பெயரின் முற்பகுதி மட்டும் தெரிந்தது, மீதி ஜெராக்ஸின் விளிம்பில் அடிபட்டுப் போயிருந்தது. சைக்கிள் உள்ளே இருக்கும் நிலையில் மூன்று படங்கள் எடுத்துக்கொண்டு, முன்பணத்தைக் கணக்கில் செலுத்தினேன்.

கார் கைக்கு வந்த அன்று பின்சீட் முழுவதும் புது சீட் கவர் போட்டிருந்தார்கள். கடையின் அன்பளிப்பு என்றார்கள். கவர் நல்ல தடிமன். நடுவில் பிரியும் கோடு அதற்கடியில் இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வீட்டுக்கு வந்து சீட்டை மடிக்க முயன்றபோது முதுகுப்பலகை முழுவதும் ஒரே துண்டாகச் சாய்ந்தது. கவரின் ஜிப்பை இறக்கிப் பார்த்தேன்; அடியில் பிரிவே இல்லாத ஒற்றைப் பலகை. வழக்கமாகப் போகும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் தரைவிரிப்பைத் தூக்கி, பிரிந்து மடியும் சீட்டுக்கு நடுவில் கீல் தாங்கி பூட்டும் இடத்தை டார்ச் அடித்துக் காட்டினார். போல்ட் துளைகள் இரண்டைச் சுற்றியும் பெயின்ட் வட்டமாக உரிந்து, ஸ்பேனர் பட்ட தழும்பு துருப்பிடிக்காமல் புதிதாக மின்னியது. அந்தத் தாங்கியை அண்மையில்தான் பூட்டிக் கழற்றியிருக்கிறார்கள். பின்கதவு எழுத்துகளை அவர் நகத்தால் நெம்பியதும் இரட்டை ஒட்டு டேப்போடு கையோடு வந்துவிட்டது. அசல் ஆர்.சி. வந்தபோது அதில் இருந்தது அடுத்த கீழ் வேரியண்ட். அதே மாடலில் உயர்ந்த வேரியண்ட் ஒன்று அந்த யார்டில் நின்றிருந்ததை நான் முதல் நாளே பார்த்திருந்தேன். சீட் எங்கிருந்து வந்தது, எங்கே திரும்பிப் போனது என்று ஊகிப்பதற்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

திரும்பக் கேட்கப் போனபோது கிடைத்த பதில்களை எழுதவே வெறுப்பாக இருக்கிறது. "சைக்கிள் போகுதா இல்லையா சார்? முழு சீட்டையும் மடிச்சா தாராளமா போகுமே" என்றார் அதே மனிதர். பிறகு அம்மாவை எங்கே உட்கார வைப்பது என்று கேட்டதற்கு, "முன்னாடி உக்கார வைங்க, நீங்க சைக்கிள்லயே இறங்கிடுங்க" என்று சிரித்தார். படங்களைக் காட்டினேன், அது வேறு கார் என்றார். படத்தில் எண் பலகை தெரிந்தது. அதற்குப் பிறகு ஒப்பந்தத் தாளை எடுத்து, "வாகனம் உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது" என்ற வரியை விரலால் தட்டிக் காட்டினார்.

சில நாள்களில் பேச்சு மாறியது. காயலான் கடையிலிருந்து ஒரு ஸ்பிளிட் சீட் வாங்கி மாட்டித் தருவதாகச் சொன்னார்கள். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டை ஏற்க வேண்டாம் என்று மெக்கானிக் தடுத்தார். முதுகுப்பலகையின் பூட்டு, காரின் பக்கச் சட்டத்தில் உள்ள கொக்கியில் துல்லியமாக விழ வேண்டும். நடுக்கீல் அசையாமல் நிற்க வேண்டும். பெல்ட் பக்கிள்கள் சரியான இடத்தில் வர வேண்டும். இவற்றில் ஒன்று தளர்ந்திருந்தாலும், கொண்டை ஊசி வளைவில் சட்டென்று பிரேக் போடும்போது பின்னால் இருக்கும் பாரம் முழுவதும் அந்தப் பலகையைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் முதுகில் வந்து விழும். விபத்தில் அடிபட்ட எந்தக் காரிலிருந்து கழற்றிய சீட் என்றும் தெரியாது. அதில் தாயாரை உட்கார வைக்க எனக்கு மனமில்லை.

பிறகு செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிந்தேன், வழக்கறிஞர் மூலம் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பினேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒரு பொருளை அதற்கில்லாத தரமோ மாடலோ உடையதாகப் பொய்யாகக் காட்டி விற்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பொருளே வேறாகக் காட்டப்பட்டிருக்கும்போது "உள்ளது உள்ளபடி" என்ற வரியைக் கேடயமாகப் பிடிக்க முடியாது என்பது வழக்கறிஞரின் கருத்து. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேல் போகாவிட்டால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே செய்யலாம். அறிவிப்பு போய்ச் சேர்ந்ததும் கடைக்காரரின் குரல் இறங்கிவிட்டது.

இதே நோக்கத்தில் கார் பார்ப்பவர்கள், சைக்கிள் உள்ளே போகிறதா என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், எந்தச் சீட்டோடு போகிறது என்பதைத் தாளில் எழுதி வாங்குங்கள். "60:40 பிரிந்து மடியும் பின்சீட்" என்ற சொற்கள் முன்பண ரசீதிலேயே இருக்கட்டும். வண்டி எண்ணை அரசின் வாகனப் பதிவு விவரத் தளமான பரிவாகனில் போட்டுப் பார்த்தால் பெரும்பாலான கார்களுக்கு வேரியண்ட் எழுத்துகளும் வரும். வராவிட்டால் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கேட்கலாம். கார் எடுக்கும் நாளிலும் சைக்கிளைக் கொண்டுபோய், சீட் கவர் இல்லாமல், உங்கள் கையாலேயே சீட்டை மடித்து ஏற்றிப் பாருங்கள். விரிப்புக்கு அடியில் கையை விட்டு போல்ட்டுகளைத் தடவிப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சி.என்.ஜி. கார் என்றால் டிக்கியைத் திறந்து பார்த்த பிறகு மற்றதைப் பேசுங்கள்; சிலிண்டர் பின்சீட்டுக்குப் பின்னால் குறுக்கே கிடந்தால் சீட் மடிந்தும் பயனில்லை. 2023 ஏப்ரல் முதல் பழைய வாகன விற்பனையாளர்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி இருக்கிறது. அந்தச் சான்றைக் கேளுங்கள். நான் சென்ற கடையில் பின்னர் கேட்டபோது, "அதெல்லாம் பெரிய கம்பெனிக்குங்க" என்றார்கள்.

காரைத் திருப்பி எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிட்டார்கள், முழுவதுமாக அல்ல. ஓடிய கிலோமீட்டருக்கு ஒரு தொகை, பெயர் மாற்றச் செலவுக்கு ஒரு தொகை என்று பிடித்துக்கொண்டார்கள். அன்பளிப்பு என்று சொல்லிப் போட்ட சீட் கவரின் விலையும் அந்தப் பட்டியலில் இருந்தது. பிடித்த தொகைக்காகத்தான் ஆணையத்தில் வழக்கு. கவர் வாங்கிய கடையின் ரசீதைத் தாக்கல் செய்யும்படி கேட்டிருக்கிறேன், இன்னும் தரவில்லை.