ஓஇசிடி கியூஎஸ்ஏஆர் டூல்பாக்ஸ்: தோல் ஒவ்வாமைக் கணிப்பில் எவ்வளவு நம்பலாம்?

ஒரு ரசாயனம் தோலில் ஒவ்வாமை உண்டாக்குமா என்பதை விலங்குகளைத் தொடாமல் கணிக்க இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களில் மிகப் பெரியது ஓஇசிடி கியூஎஸ்ஏஆர் டூல்பாக்ஸ். ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பும் ஐரோப்பிய ரசாயன முகமையும் சேர்ந்து நடத்தும் திட்டம் இது. கியூஎஸ்ஏஆர் என்பது மூலக்கூறின் கட்டமைப்பை வைத்து அதன் விளைவைக் கணிக்கும் முறை. மென்பொருளை எழுதுவது பல்கேரியாவின் பூர்காஸ் நகரிலுள்ள கணித வேதியியல் ஆய்வகம். முதல் பதிப்பு 2008-இல் வந்தது, இப்போது ஓடுவது 4-ஆம் வரிசை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். தரவு தேடவும், ஒத்த சேர்மங்களைத் திரட்டவும், எந்த வழியில் வினை நடக்கும் என்று யோசிக்கவும் இதற்கு இணையான இலவசக் கருவி வேறில்லை. ஆனால் ஒரே பொத்தானை அழுத்தி, வந்த விடையை அப்படியே கோப்பில் ஒட்டுகிறவர்களுக்கு இது ஆபத்தான கருவி. வேதியியல் தெரிந்தவர் கையில் நான்கரை நட்சத்திரம், தெரியாதவர் கையில் இரண்டு.

இன்ஸ்டால் செய்வதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விண்டோஸில் மட்டும்தான் ஓடும், இணையதளத்தில் பதிவு செய்தால் இலவசம். பின்னணியில் போஸ்ட்கிரேஸ் தரவுத்தளம் ஏறுவதால் அட்மின் உரிமை வேண்டும். அலுவலகக் கணினி என்றால் ஐடி ஆட்களை முதலிலேயே கூப்பிட்டுவிடுவது நல்லது. இன்ஸ்டாலின்போது கொடுக்கும் போஸ்ட்கிரேஸ் கடவுச்சொல்லை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பதிப்பு ஏற்றும் நாளில் அதைத்தான் எல்லோரும் தேடுவார்கள்.

வேலை ஆறு கட்டமாக நடக்கிறது: சேர்மத்தை உள்ளிடுதல், அதன் இயல்பைப் பரிசோதித்தல், தரவு திரட்டுதல், ஒத்தவற்றைக் குழுவாக்குதல், இல்லாத தரவை நிரப்புதல், அறிக்கை. மேல்வரிசையில் இதே ஒழுங்கில் ஆறு பொத்தான்கள் இருக்கும். எந்த நச்சுத்தன்மையைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், அதற்குப் பொருத்தமான சோதிப்பான்களை (கட்டமைப்பை அலசும் விதித்தொகுப்புகளை) பச்சையிலும் ஓரளவு பொருந்துபவற்றை ஆரஞ்சிலும் காட்டும். சின்ன வசதிதான், ஆனால் நீண்ட பட்டியலில் தடுமாறாமல் காப்பாற்றுவது இதுதான்.

முதல் கட்டத்திலேயே ஒரு பொறி இருக்கிறது. லவங்கப்பட்டை மணத்துக்குக் காரணமான சின்னமால்டிஹைடுக்கு சிஏஎஸ் எண் (சேர்மங்களுக்குத் தரப்படும் அடையாள எண்) 104-55-2. அதன் டிரான்ஸ் வடிவத்துக்கு மட்டும் தனி எண், 14371-10-9. சோதனை முடிவுகள் இரண்டிலும் சிதறிக் கிடக்கலாம். எண்ணை மட்டும் தட்டிவிட்டு, கிடைத்ததுதான் மொத்தத் தரவு என்று நினைத்துவிடக் கூடாது. கட்டமைப்பை வரைந்தும் ஒருமுறை தேட வேண்டும். எண்ணுக்கும் கட்டமைப்புக்கும் உள்ள தொடர்பு எவ்வளவு நம்பகமானது என்று உயர்வு, நடுத்தரம், தாழ்வு எனத் திரையிலேயே காட்டுகிறது. தாழ்வு என்று வந்தால் கட்டமைப்பைக் கையால் சரிபார்க்காமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். சின்னமைல் ஆல்கஹாலின் எண் 104-54-1 என்பதையும் கவனியுங்கள். எண்ணைத் தட்டும்போது இலக்கம் தவறினால் பெரும்பாலும் சிஏஎஸ் எண்ணின் கடைசிச் சரிபார்ப்பு இலக்கம் பிடித்துவிடும். பட்டியலில் அடுத்த வரியை நகலெடுத்துவிட்டால் பிடிக்க ஆளில்லை.

இரண்டாம் கட்டம்தான் இந்த மென்பொருளின் உயிர். சிறு மூலக்கூறு தோலின் புரதத்தோடு சகப்பிணைப்பில் ஒட்டிக்கொள்வதுதான் ஒவ்வாமையின் முதல் படி. ஓஇசிடி 2012-இல் வெளியிட்ட விளைவுப் பாதை விளக்கம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. அடுத்து கெரட்டினோசைட் செல்கள் விழிக்கும், டென்ட்ரிடிக் செல்கள் தூண்டப்படும், கடைசியில் நிணநீர்க் கணுவில் டி செல்கள் பெருகும். டூல்பாக்ஸ் கட்டமைப்பைப் பார்த்து மைக்கேல் சேர்க்கை, ஷிஃப் காரம், அசைல் மாற்றம், எஸ்என்2 என்று எந்த வழியில் புரதம் பிடிபடும் எனச் சொல்கிறது. இதற்கு 'ஓயாசிஸ்' தோல் ஒவ்வாமை எச்சரிக்கைச் சோதிப்பானை முதன்மையாக வைத்து, ஓஇசிடியின் புரதப் பிணைப்புச் சோதிப்பானைத் துணைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

அதிகம் பேர் வழுக்குவதும் இங்கேதான். 'எச்சரிக்கை இல்லை' என்று வந்தால், கொடுத்த வடிவத்தில் தெரிந்த வினைபுரியும் தொகுதி எதுவும் அகப்படவில்லை என்று மட்டுமே பொருள். சின்னமைல் ஆல்கஹாலை எடுத்துக்கொள்ளுங்கள். அது தானாகப் புரதத்தோடு வினைபுரிய வராது. தோலில் உள்ள நொதிகள் அதை ஆக்சிஜனேற்றி சின்னமால்டிஹைடு ஆக்கிய பிறகுதான் வம்பு. லிமோனீன், லினலூல் கதை வேறு. திறந்த பாட்டிலில் காற்றுப் பட்டு ஹைட்ரோபெராக்சைடு உண்டாகி, அதுதான் ஒவ்வாமையைக் கிளப்புகிறது. ஆகவே தாய்ச் சேர்மத்தோடு நிறுத்தாமல், தன்-ஆக்சிஜனேற்றச் சிமுலேட்டரையும் தோல் வளர்சிதைமாற்றச் சிமுலேட்டரையும் ஓட்டி, வரும் ஒவ்வொரு விளைபொருளையும் சோதிப்பானில் விட வேண்டும். கட்டங்களைத் தானாகவே ஓட்டும் தானியங்கிப் பாதையில் இதை மென்பொருளே வரிசையாகச் செய்துவிடும். கையால் செய்கிறவர்கள்தான் மறக்கிறார்கள்.

இன்னொரு செய்தியும் அடிக்கடி தவறாகப் படிக்கப்படுகிறது. புரதப் பிணைப்பின் வீரியத்தைச் சொல்லும் சோதிப்பான்கள் சில சமயம் 'இந்த விதிகளின்படி வகைப்படுத்த முடியாது' என்று சொல்லும். இதை எதிர்மறை முடிவாக எண்ணி அட்டவணையில் சேர்த்துவிட்ட ஆவணங்கள் உண்டு. 'தெரியாது' என்பதை 'ஆபத்தில்லை' என்று எழுதினால், கேள்வி கேட்கும் அதிகாரி முதலில் அந்த வரியைத்தான் வட்டமிடுவார்.

தரவுக் கட்டத்தில் எலி நிணநீர்க் கணுச் சோதனை, கினிப்பன்றிச் சோதனை இரண்டின் முடிவுகளும் வந்து குவியும். அளவுகோல் வெவ்வேறு என்பதால், நிரப்பும் கட்டத்துக்குள் போகும்போது தரவு முரண்பாடு பற்றிய ஜன்னல் ஒன்று எழும்பும். அவசரத்தில் சரி என்று அழுத்திவிடாமல், எந்த அளவுகோலுக்கு மாற்றுகிறது என்று படியுங்கள். எலிச் சோதனையில் கிடைக்கும் இசி3 என்பது கணுவில் செல் பெருக்கத்தை 3 மடங்காக்கத் தேவையான செறிவு. 2 சதவீதமோ அதற்குக் குறைவோ என்றால் 1ஏ வகை (வீரியமான ஒவ்வாமையூட்டி), அதற்கு மேல் 1பி (மற்ற ஒவ்வாமையூட்டிகள்). இதை ஆம்-இல்லை என்று சுருக்கினால் வீரியம் பற்றிய தகவல் தொலைந்துவிடும். சோதனையின் குறைகளும் சேர்ந்தே வருகின்றன. சோடியம் லாரில் சல்ஃபேட் எரிச்சலூட்டி மட்டுமே, ஆனாலும் எலிச் சோதனையில் ஒவ்வாமையூட்டி போலத் தோன்றும். அப்படிப்பட்ட ஒன்று உங்கள் குழுவில் ஒத்த சேர்மமாக உட்கார்ந்திருந்தால் கணிப்பு கெட்டது.

குழுவாக்கும் கட்டத்தில் மென்பொருளை நம்பக் கூடாது, வேலை வாங்க வேண்டும். அதன் இயல்பான ஏற்பாடு இதுதான்: நீர்-எண்ணெய்ப் பங்கீட்டைச் சொல்லும் லாக் கேஓடபிள்யூ மதிப்பில் உங்கள் சேர்மத்துக்கு மிக அருகிலுள்ள 5 சேர்மங்களை எடுத்து, அவற்றின் முடிவை வைத்துக் கணிக்கும். எண்ணெயில் ஒரே மாதிரி கரைவதால் புரதத்தோடும் ஒரே மாதிரி வினைபுரிந்துவிடாது. கிராம்பு எண்ணெயின் யூஜினாலும் ஐசோயூஜினாலும் இதற்கு நல்ல உதாரணம். சிஏஎஸ் எண்கள் 97-53-0, 97-54-1. மூலக்கூறு வாய்பாடு ஒன்றே, பக்கச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு ஒரு கார்பன் தள்ளி இருப்பதுதான் வித்தியாசம். எலிச் சோதனையில் யூஜினாலின் இசி3 சுமார் 13 சதவீதம், ஐசோயூஜினாலுக்கோ 1 முதல் 2 சதவீதத்துக்குள். முன்னது பலவீனமான ஒவ்வாமையூட்டி, பின்னது 1ஏ. இரண்டையும் ஒரே குழுவில் போட்டு சராசரி எடுத்தால் இரண்டுக்குமே பொருந்தாத எண்தான் கிடைக்கும்.

எனவே முதலில் புரதப் பிணைப்பு வழியை வைத்துக் குழு அமையுங்கள். நிரப்பும் கட்டத்தில் துணைக்குழுவாக்கும் வசதியைத் திறந்து, வினைவழி வேறாக உள்ளவற்றையும், கூடுதல் வினைத்தொகுதி உள்ளவற்றையும் கழியுங்கள். கடைசியில் மிஞ்சியவற்றை ஒவ்வொன்றாகப் படத்தில் பாருங்கள். ஒவ்வொரு கழிப்புக்கும் காரணம் எழுத வேண்டும். விடை பிடிக்கவில்லை என்று புள்ளிகளை நீக்கினால் அது அறிக்கையில் பளிச்சென்று தெரியும். நல்ல ஒத்தவை 3 கிடைத்தாலும் போதும், பொருந்தாத 10 வேண்டாம்.

தனித்து இந்தக் கணிப்பு எவ்வளவு தூரம் செல்லும்? ஓஇசிடி 2021-இல் ஏற்ற 497-ஆம் வழிகாட்டி இதற்கு ஒரு தெளிவான இடம் கொடுத்திருக்கிறது. 'ஐடிஎஸ் வி2' என்ற முறையில் இரண்டு ஆய்வகச் சோதனைகளும் டூல்பாக்ஸ் கணிப்பும் சேர்ந்து மதிப்பெண் பெறுகின்றன.

முதல் சோதனை டிபிஆர்ஏ. சிஸ்டீன் உள்ள பெப்டைடோடு (சிறு புரதத் துண்டோடு) 1:10 விகிதத்திலும் லைசீன் உள்ள பெப்டைடோடு 1:50 விகிதத்திலும் சேர்மத்தைக் கலந்து, 25 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து, எவ்வளவு பெப்டைடு குறைந்தது என்று எச்பிஎல்சி என்ற பிரித்தளக்கும் கருவியில் 220 நானோமீட்டரில் அளப்பார்கள். சராசரிக் குறைவு 42.47 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 3 மதிப்பெண், 22.62-இலிருந்து 2, 6.38-இலிருந்து 1, அதற்குக் கீழே பூஜ்யம். இரண்டாவது எச்-க்ளாட். டிஎச்பி-1 என்ற மனித செல்களில் சிடி86, சிடி54 என்ற மேற்பரப்புப் புரதங்கள் கூடுகின்றனவா என்று பார்ப்பது. நேர்மறை காட்டும் மிகக் குறைந்த செறிவு மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் வரை என்றால் 3, 150 வரை 2, 5000 வரை 1. டூல்பாக்ஸ் நேர்மறை சொன்னால் 1, இல்லாவிட்டால் 0. மொத்தம் 6 அல்லது 7 என்றால் 1ஏ, 2 முதல் 5 வரை 1பி, 0 அல்லது 1 என்றால் வகைப்படுத்த வேண்டியதில்லை.

7-இல் ஒரே மதிப்பெண்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். டிபிஆர்ஏ 45 சதவீதம், எச்-க்ளாட் 40 மைக்ரோகிராம் என்றால் 3-உம் 2-உம் சேர்ந்து 5. டூல்பாக்ஸ் நேர்மறை சொன்னால் 6, அதாவது 1ஏ. சொல்லாவிட்டால் 1பி. கீழ்முனையிலும் அப்படியே: டிபிஆர்ஏ 10 சதவீதம், எச்-க்ளாட் எதிர்மறை என்றால் அந்த ஒரு மதிப்பெண்தான் எச்சரிக்கை வாசகம் லேபிளில் ஏறுமா இல்லையா என்று முடிவு செய்கிறது. இப்படி விளிம்பில் நிற்கும் சேர்மங்களுக்குத்தான் மேலே சொன்ன கவனமெல்லாம் தேவை.

இந்த மதிப்பெண்ணுக்குக் கையால் அமைத்த குழுவைப் பயன்படுத்த முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ஐடிஎஸ் போன்ற வரையறுத்த அணுகுமுறைக்கென்று தனியாக உள்ள தானியங்கிப் பாதையைத்தான் ஓட்ட வேண்டும். பொதுவான தோல் ஒவ்வாமைப் பாதையும் பட்டியலில் அதற்குப் பக்கத்திலேயே கிடப்பதால், மாற்றி அழுத்துவது சுலபம். பெயரைக் கடைசிவரை படித்துத் தேர்ந்தெடுங்கள். கையால் அமைக்கும் குழு, தனியாக ஒத்தவைவழிக் கணிப்பு எழுதும்போதும், தானியங்கி தந்த விடை வேதியியலுக்கு ஒத்து வருகிறதா என்று பார்க்கவும் உதவும்.

எதற்கு ஆகாது என்றால், உலோக உப்புகள், பாலிமர்கள், கட்டமைப்பு தெரியாத கலவைகள். நிக்கலும் குரோமியமும் ஒவ்வாமைக்குப் பேர்போனவை, ஆனால் அவை பிணையும் விதம் வேறு, இந்த எச்சரிக்கைகள் கரிமச் சேர்மங்களுக்காக எழுதப்பட்டவை. மூலிகை எண்ணெய், சாறு போன்றவற்றை மொத்தமாகப் போட வழியில்லை. ஜிசி-எம்எஸ்ஸில் கூறுகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே ஓட்டியாக வேண்டும்.

மாற்றுகளைப் பார்த்தால், ஐடிஎஸ் முறையின் முதல் வடிவம் ஏற்றிருக்கும் டெரெக் நெக்சஸ் காசு கொடுத்து வாங்க வேண்டியது. லீட்ஸிலுள்ள லாசா நிறுவனத்துடையது, ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் வாசிக்கத் தக்க விளக்கம் தருவதில் அதுவே மேல். மிலானின் மாரியோ நெக்ரி நிறுவனத்திலிருந்து வரும் வேகா இலவசம், ஐந்து நிமிடத்தில் விடை, பொருந்தும் எல்லைக்குள் சேர்மம் இருக்கிறதா என்பதை ஓர் எண்ணாகவே காட்டிவிடும். டூல்பாக்ஸுக்குப் பக்கத்தில் இரண்டாவது கருத்தாக வேகாவை வைத்துக்கொள்வது நடைமுறையில் நன்றாக வேலை செய்கிறது. இரண்டும் முரண்பட்டால் யார் சரி என்று ஓட்டெடுக்காமல், வேகா காட்டும் ஒத்த சேர்மங்களை டூல்பாக்ஸில் திறந்து வினைவழியைப் பாருங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து சாயமோ தோல் பதனிடும் ரசாயனமோ ஐரோப்பாவுக்கு அனுப்புகிறவர்களுக்கு, ஆண்டுக்கு 1 டன்னைத் தொட்டதும் ரீச் என்ற ஐரோப்பிய ரசாயனச் சட்டத்தின் பதிவுக் கேள்வி எழும். 2016-இல் அதன் இணைப்பு திருத்தப்பட்ட பிறகு தோல் ஒவ்வாமைக்கு விலங்கில்லாச் சோதனைகளே முதல் தேர்வு. ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புமுன் டூல்பாக்ஸில் ஒருநாள் செலவழித்தால், ஏற்கெனவே வெளியான தரவு இருக்கிறதா, நீரில் கரையாத பொருளுக்கு எச்-க்ளாட் தகுமா என்பதெல்லாம் தெரிந்துவிடும். லாக் கேஓடபிள்யூ 3.5-ஐத் தாண்டினால் எச்-க்ளாட்டின் எதிர்மறை முடிவை ஏற்க மாட்டார்கள். அதற்குச் செலவழிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

அறிக்கைக் கட்டம் ஒழுங்காகவே இருக்கிறது. கணிப்பு அறிக்கை, குழு அறிக்கை, தரவு அட்டவணை மூன்றும் தனித்தனியே வரும். பக்கங்கள்தான் கூடுதல். மென்பொருளின் பதிப்பு எண்ணையும், பாதையின் பெயரையும், ஓட்டிய தேதியையும் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். தரவுத்தளமும் எச்சரிக்கை விதிகளும் பதிப்புக்குப் பதிப்பு மாறுகின்றன. 4.2-இல் நேர்மறையாக இருந்தது 4.6-இல் வேறாக வந்தால், எந்தப் பதிப்பில் ஓட்டினீர்கள் என்ற கேள்விக்கு ஆவணத்திலேயே விடை இருக்க வேண்டும்.