செட்டா, கிலோ கணக்கா? வெளிநாட்டு நாணயம் வாங்க இரண்டு வழிகள்

குறைந்த செலவில் வெளிநாட்டு நாணயம் சேர்க்க வழி இரண்டு. நாட்டின் பெயர் ஒட்டி உறையில் போட்டு விற்கும் செட் ஒன்று. பல நாட்டுக் காசையும் கலந்து எடைபோட்டுத் தரும் கலவை இன்னொன்று. இரண்டையும் வாங்கியிருக்கிறேன். இப்போது வாங்குவது கலவை மட்டும்தான்.

செட்டில் காசு புதிதாக இருக்கும், நாடுகளின் எண்ணிக்கையும் சீக்கிரம் கூடும். கலவையில் யூரோ சென்ட்டும் பிரிட்டிஷ் பென்னியும் வந்துகொண்டே இருக்கும். திரும்ப விற்பதில் இரண்டும் ஒன்றுதான். சாதாரணக் காசுக்குப் பெரிய விலை கிடைக்காது.

என்னைக் கலவைப் பக்கம் இழுத்தது, எந்த நாட்டுக் காசு, எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்கும் வேலை. செட்டில் அதை விற்பவரே முடித்துவிடுகிறார்.

ஜப்பானின் 5 யென்னை எடுத்துக்கொள்ளுங்கள். பித்தளை நிறம், நடுவில் ஓட்டை. நமக்குத் தெரிந்த எண் எதுவும் அதில் கிடையாது, எல்லாமே ஜப்பானிய எழுத்து. ஆனால் வளைந்து தொங்கும் நெற்கதிரும், ஓட்டையைச் சுற்றிய பல்சக்கரமும், கீழே தண்ணீரைக் காட்டும் கோடுகளும் ஒருமுறை பார்த்தால் மறக்காது.

100 யென்னில் எண் உண்டு, சிக்கல் வேறு. ஆண்டு இருக்கும் இடத்தில் 51 என்று கண்டால் 1951 என்று நினைக்கத் தோன்றும். அது ஷோவா 51. ஜப்பானில் ஒவ்வொரு பேரரசரின் காலத்துக்கும் ஷோவா, ஹெய்செய், ரெய்வா என்று ஒரு பெயர் உண்டு, பேரரசர் மாறினால் ஆண்டு மறுபடி 1இலிருந்து தொடங்கும். 1925ஐக் கூட்டினால் 1976. வெறும் 3 என்றிருந்தால் அது ஹெய்செய் 3 ஆகலாம் (1988ஐக் கூட்ட 1991), ரெய்வா 3 ஆகவும் இருக்கலாம் (2018ஐக் கூட்ட 2021). எண்ணுக்கு முன்னால் உள்ள இரண்டு எழுத்துகளைப் பார்த்தால்தான் தெரியும். 1989இல் ஜனவரி 7 வரை ஷோவா 64, மறுநாளே ஹெய்செய் 1. ஒரு சின்னக் காசைப் பிரித்தறியப் போய் ஒரு பேரரசரின் மறைவு வரை தெரிந்துகொள்கிறோம். ஒட்டிய சீட்டில் ‘ஜப்பான்’ என்று படித்துவிட்டு நகர்ந்தால் இதெல்லாம் கிடைக்காது.

தாய்லாந்துக் காசில் புத்த ஆண்டு, தாய் எண்களில்: 2539இல் 543 போனால் 1996. நேபாளத்தில் விக்ரம ஆண்டு. சுமார் 57 கழிக்க வேண்டும். தைவான் காசுக்கு 1911ஐக் கூட்ட வேண்டும். சிங்கப்பூர், இலங்கைக் காசுகளில் நாட்டின் பெயர் தமிழிலேயே இருப்பதால் வீட்டுப் பிள்ளைகளே பிரித்துக் கொடுத்துவிடுவார்கள்.

பராமரிப்பில் கலவைக்குக் கொஞ்சம் வேலை அதிகம், அழுக்கோடுதான் வரும். புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்க்காதீர்கள். செம்புக் காசின் பழுப்பு போய் இளஞ்சிவப்பாகப் பல்லிளிக்கும், பிறகு எந்தச் சேகரிப்பாளரும் தொடமாட்டார். சோப்புத் தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி எடுத்தால் போதும். செட்டிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உறை மெத்தென்ற பி.வி.சி. என்றால், நாளாக நாளாகக் காசில் பச்சைப் பிசுபிசுப்பு ஏறும். வாங்கியதும் வேறு உறைக்கு மாற்றிவிடுங்கள்.

எனக்கு வந்த கலவைகளில் ஆப்பிரிக்கக் காசு அபூர்வம். எல்லா இடத்திலும் அப்படித்தானா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆனால் அந்தக் கண்டத்தில்தான் ஆர்வம் என்றால் செட் நல்லது. மற்றவர்கள் முதலில் அரைக் கிலோ கலவை வாங்கிப் பாருங்கள். ஏற்கெனவே நல்லதைப் பொறுக்கி எடுத்த மிச்சமா என்று மட்டும் விற்பவரிடம் கேட்டுவிடுங்கள்.