பாளையங்கோட்டை கிராமசபைப் பயிற்சி: முதல் நாள் காலை வேண்டாம், மீதி கட்டாயம் போங்கள்

பாளையங்கோட்டையில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய இரண்டு நாள் கிராமசபைப் பயிற்சிக்கு நானும் என் அத்தையும் (மாமியார்தான், நான் அத்தை என்றே கூப்பிடுவேன்) போய் வந்தோம். ஆளுக்கு 300 ரூபாய். இரண்டு நாள் மதியச் சாப்பாடும் ஒரு கையேடும் அதில் அடக்கம். நாங்குநேரிப் பக்கத்தில் இருந்து காலை முதல் பஸ்ஸைப் பிடித்துப் போக வேண்டியிருந்தது. போகலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் நாள் காலை வீண். ஓட்டுப் போடுவது கடமை, கிராமசபைக்கு வருவது கடமை, கேள்வி கேட்பது கடமை என்று மூன்று மணி நேரம் ஒருவரே பேசினார். வந்திருந்த நாற்பது பேரும் ஓட்டுப் போடுகிறவர்கள்தான், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்களும் இருந்தார்கள், அவர்களிடம் போய் நீங்கள் அக்கறை இல்லாமல் இருக்கிறீர்கள் என்கிற தொனியில் பேசினால் எப்படி இருக்கும்? பின்வரிசையில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். மதியம் சொதியும் இஞ்சித் துவையலும் போட்டார்கள், நன்றாகவே இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு மனு எழுதும் பயிற்சி. இங்கிருந்துதான் வகுப்பு வகுப்பாகிறது. ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்து எழுத வைத்தார்கள். ஒரு மனுவில் ஒரே கோரிக்கை, எந்தத் தெரு என்பது தெளிவாக, கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் திரும்பக் கூடாது. திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாளில் எப்படிப் பதிவு செய்வது, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும் என்பதையெல்லாம் படிவத்தைக் கையில் கொடுத்துச் சொல்லித் தந்தார்கள். ஆண்டுக்கு 4 என்றிருந்த கிராமசபை 2022 முதல் 6 ஆகிவிட்டது (மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்தன) என்பதே எனக்கு அங்கேதான் தெரியும்.

இரண்டாம் நாள் அரசியல் அறிவியல் பேராசிரியை ஒருவர் வந்து மாதிரி கிராமசபை நடத்தினார். தீர்மானப் பதிவேடு எழுத ஆள் வேண்டும் என்றதும் யாரும் எழுந்திருக்கவில்லை. நான்தான் அத்தையைத் தள்ளிவிட்டேன். எங்கள் சேகரத்தில் (சில தேவாலயங்கள் சேர்ந்த வட்டாரம்) பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு இருபது வருஷத்துக்கு மேல் செயலாளராக இருந்தவர். தேதி, வந்தவர்கள் எண்ணிக்கை, தீர்மானம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் என்று அவர் எழுதிக்கொண்டே போனதைப் பார்த்துப் பேராசிரியை, "எங்கே படிச்சீங்கம்மா?" என்று கேட்டார். "சங்கத்து நோட்டுல எழுதுனதுதான் டீச்சர்" என்றார் அத்தை. சேரன்மகாதேவிப் பக்கத்தில் இருந்து வந்த அண்ணாச்சி ஒருவர், அம்மன் கோவில் கொடைத் திருவிழா முடிந்ததும் ஊர் கூடி வரவு செலவு வாசிக்கும்போது கணக்குச் சொல்கிறவராம். தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்குவது) எவ்வளவு பிரிந்தது, வில்லுப்பாட்டுக்கு எவ்வளவு, பந்தலுக்கு எவ்வளவு என்று எல்லாருக்கும் முன்னால் பதில் சொல்லிப் பழகியவர். தலைவராக நடித்த பையனிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி. தெருவிளக்குக்கு பல்பு வாங்கினது எத்தனை, மாட்டினது எத்தனை? பையன் திணறிவிட்டான்.

அப்புறம்தான் பேராசிரியை விளக்கினார். அமெரிக்காவில் வெர்பா, ஷ்லோஸ்மன், பிரேடி என்ற மூன்று பேர் 1995இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் சொல்கிறார்களாம். கூட்டம் நடத்துவது, கடிதம் எழுதுவது, நாலு பேர் முன்னால் பேசுவது போன்ற திறமைகளை, அலுவலக வேலையில் பழக வாய்ப்பில்லாதவர்கள் தேவாலயத்தில் பழகிக்கொள்கிறார்கள், அது அரசியலுக்கும் கைகொடுக்கிறது. கென்யாவின் நைரோபியில் மெக்லெண்டனும் ரீட்லும் செய்த ஆய்வில், உனக்குள் ஆற்றல் இருக்கிறது என்கிற வகைப் பிரசங்கத்தைக் கேட்டவர்கள் அரசியல் குறுஞ்செய்திப் பிரசாரத்தில் கூடுதலாகச் சேர்ந்தார்கள். ஜாம்பியாவில் ஸ்பெர்பரும் மெக்லெண்டனும் காபாவும் இளைஞர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தி, கடமை என்று சொல்வதையும் உங்களால் முடியும் என்று சொல்வதையும் ஒப்பிட்டார்கள். ஈடுபாட்டைக் கூட்டியது இரண்டாவதுதான். இதைக் கேட்டதும் முந்தைய நாள் காலை ஏன் அப்படி எரிச்சலாக இருந்தது என்பது எனக்குப் புரிந்தது. இந்த ஆய்வைத் தெரிந்து வைத்திருக்கிற வகுப்பே முதல் மூன்று மணி நேரத்தைக் கடமைக்குக் கொடுத்திருக்க வேண்டாம்.

ஒரு பெரிய குறை. கோவில் ஊர்க்கூட்டத்தில் பெண்கள் உட்கார்ந்து கணக்குக் கேட்டு எங்கள் வட்டாரத்தில் நான் பார்த்ததில்லை. சில சாதியாரிடம் வரியே வாங்க மாட்டார்கள். வரி வாங்கவில்லை என்றால் கணக்குக் கேட்கவும் உரிமையில்லை என்று அர்த்தம். அப்படியென்றால் அந்த அண்ணாச்சிக்குக் கிடைத்த பழக்கம் அவர் வீட்டுப் பெண்களுக்கு எங்கே கிடைக்கும்? அந்த அமெரிக்க ஆய்விலேயே புராட்டஸ்டண்ட் சபைகளில் கிடைக்கிற அளவு வாய்ப்பு கத்தோலிக்க சபைகளில் இல்லை என்று இருப்பதாகப் பேராசிரியையே சொன்னார், ஆக உள்ளே எப்படி நடத்துகிறார்கள் என்பதுதான் விஷயம். 2016 முதல் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு, ஆனால் பேசிப் பழக இடமில்லாதவர் தலைவரானால் பக்கத்தில் உட்கார்ந்து கணவர்தான் பேசுகிறார். நான் எழுந்து இதைக் கேட்டேன். நேரமாகிவிட்டது என்று முடித்துவிட்டார்கள். ஒரு மணி நேரமாவது இதற்கு ஒதுக்கியிருக்க வேண்டும், மனசு கஷ்டமாகிவிட்டது.

சரி, பலன் இருந்ததா? அக்டோபர் 2 கிராமசபைக்கு இருவரும் போனோம். எங்கள் ஊராட்சி மக்கள்தொகை 3,000க்கு மேல், விதிப்படி 200 பேர் வர வேண்டும். நான் எண்ணியபோது எழுபது பேர்கூட இல்லை. வழக்கம்போல முதலில் கையெழுத்து வாங்க நோட்டை நீட்டினார்கள். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "தீர்மானத்த எழுதி வாசிங்க தம்பி, பொறவு போடுதேன்" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு வாசித்தார்கள். கீழத்தெரு வாறுகால் (சாக்கடை) அதில் இல்லை, சேர்க்கச் சொன்னோம், சேர்த்தார்கள். வேலை இன்னும் தொடங்கவில்லை, அளந்துவிட்டு மட்டும் போயிருக்கிறார்கள்.

அடுத்த வகுப்புக்குப் போகிறவர்கள் கண்ணாடி எடுத்துப் போங்கள், கையேட்டில் எழுத்து மிகப் பொடி. உங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எழுதியே கொண்டு போங்கள். முடிந்தால் வீட்டில் இருக்கிற வயதான பெண் ஒருவரையும் கூட்டிப் போங்கள். அத்தை நவம்பர் 1 கூட்டத்துக்குச் சங்கத்துப் பெண்கள் எட்டுப் பேரின் பெயரைப் பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.