ரீஸ்டோர் நாளில் எந்தச் சாவி: விண்டோஸ் லாகினா, எஸ்க்யூஎல் லாகினா?

டிசம்பர் வந்தால் சென்னையில் தரைத்தளத்தில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு வயிற்றில் புளி கரையும். 2015 வெள்ளம், 2023 மிக்ஜாம் என்று பட்டது போதாதா? பேக்கப் எல்லாரிடமும் இருக்கிறது. அதைத் திரும்ப ஏற்றும்போது பேக்கப் மென்பொருள் எந்த லாகினில் உள்ளே போகும் என்று கேட்டால்தான் முழிப்பார்கள். மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் அதற்கு இரண்டு வழி: விண்டோஸ் அக்கவுண்ட்டையே நம்பி உள்ளே விடும் விண்டோஸ் லாகின்; எஸ்க்யூஎல் சர்வரே தனிப் பெயரும் பாஸ்வேர்டும் வைத்துச் சரிபார்க்கும் எஸ்க்யூஎல் லாகின்.

தினசரி பேக்கப்புக்கு என் ஓட்டு விண்டோஸ் லாகினுக்கு. மென்பொருளில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு எழுதிவைக்க வேண்டாம்; வேலையை விட்டுப் போனவரின் அக்கவுண்ட்டை டொமைனில் (அலுவலக அக்கவுண்ட்டுகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் விண்டோஸ் நெட்வொர்க்கில்) முடக்கினால் இங்கேயும் கதவு சாத்திக்கொள்ளும். ஆனால் அந்த அக்கவுண்ட்டுகளைச் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரும் அதே அறையில் தண்ணீரில் நின்றிருந்தால்? புது மெஷினில் அந்த அக்கவுண்ட்டுக்குச் சாட்சி சொல்ல ஆளே இல்லை.

எஸ்க்யூஎல் லாகினுக்கு டொமைன் தேவையில்லை. ஆனால் பாஸ்வேர்டை எங்காவது வைத்தாக வேண்டும், அது கசியும். அப்புறம், நிறுவும்போது 'விண்டோஸ் மட்டும்' என்ற வழக்கமான தேர்வை விட்டிருந்தால் 'எஸ்ஏ' என்ற, எஸ்க்யூஎல் சர்வரோடு கூடவே வரும் தலைமை அக்கவுண்ட் முடங்கியே இருக்கும். இரண்டு வகை லாகினையும் ஏற்கும் மிக்ஸ்டு மோடுக்கு மாற்றினால் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது இதற்கு அடுத்த இடத்தில். லாகின்கள் இருப்பது சர்வர் தன் சொந்த விவரங்களை வைத்துக்கொள்ளும் மாஸ்டர் டேட்டாபேஸில். புது மெஷினில் மிக்ஸ்டு மோடு போட்டு, எஸ்ஏவுக்குப் புது பாஸ்வேர்டு கொடுத்து, பழைய மாஸ்டரை ஏற்றினால் என்ன ஆகும்? பேக்கப் எடுத்த நாளின் பாஸ்வேர்டே திரும்பி வரும். அன்று எஸ்ஏ முடங்கியிருந்தால் இன்றும் முடக்கம்தான். ஆக, எஸ்க்யூஎல் லாகினை வெள்ளத்துக்குப் பிறகு யோசித்துப் பயனில்லை. பேக்கப்புக்கு முன்பே உள்ளே இருக்க வேண்டும்.

எந்த லாகினாக இருந்தாலும், ஏற்றப்போகும் டேட்டாபேஸுக்குள்ளேயே இணைந்து உட்கார வேண்டாம், மாஸ்டரில் இணையுங்கள். இல்லையென்றால் 'டேட்டாபேஸ் பயன்பாட்டில் இருக்கிறது' என்று ரீஸ்டோர் நின்றுவிடும். ஒருமுறை அரை மணி நேரம் யார் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று தேடினேன். நான்தான்.

என் ஏற்பாடு: தினமும் விண்டோஸ் லாகின். ரீஸ்டோருக்கென்று தனியாக ஒரு எஸ்க்யூஎல் லாகின். பல பேக்கப் மென்பொருள்கள் சிஸ்அட்மின், அதாவது சர்வரில் எல்லாமே செய்யும் உரிமை கேட்பதால் அதையே கொடுத்துவிடுவேன். பாஸ்வேர்டு நீளமாக, கவரில் ஒட்டி, முதலாளி வீட்டு பீரோவில். வீடு வேளச்சேரி என்றால் மாடி பீரோவில்.