ஒரே சிவப்பு விளக்கு, மூன்று வேறு கோளாறு: பதினைந்து வருஷக் காரோடு பட்ட பாடு

2009-ல் வாங்கிய பெட்ரோல் ஹேட்ச்பேக், இன்னும் அதைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், 1,40,000 கி.மீ. தாண்டிவிட்டது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி) கிடையாது. டாஷ்போர்டில் வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட அந்தச் சிவப்பு பிரேக் விளக்கு இத்தனை வருஷத்தில் மூன்று தடவை தொல்லை கொடுத்தது, மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. மூன்றாவது தடவை நான் செய்த முட்டாள்தனத்துக்காகத்தான் இதையே எழுதுகிறேன்.

முதல் தடவை சின்ன விஷயம். ஹேண்ட் பிரேக்கை முழுசாக இறக்கியும் விளக்கு அணையவில்லை. லீவருக்கு அடியில் இருக்கும் சுவிட்சின் ஒயரைக் கழற்றியதும் அணைந்துவிட்டது. சுவிட்ச் அழுக்கில் சிக்கியிருந்தது, சுத்தம் செய்து மாட்டினேன், சரியாகிவிட்டது.

இரண்டாவது, 60,000 கி.மீ. வாக்கில், ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது. அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது, சேலம் வந்து நேர் ரோட்டில் ஓட்டினால் ஒன்றுமே இல்லை. பிரேக் ஆயில் டப்பாவுக்குள் ஒரு மிதவை இருக்கிறது. ஆயில் மினிமம் கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால், வளைவில் அது ஒரு பக்கம் சாயும்போது மிதவை இறங்கி விளக்கைப் போட்டுவிடும். ஆயில் ஊற்றப் போன என்னை மெக்கானிக் அண்ணன் தடுத்தார், "பேட் தேஞ்சிருக்கு சார், அதான் லெவல் இறங்கியிருக்கு." பேட் என்பது டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை. அது தேயத் தேய, அதைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்துக்கு ஆயில் போய்விடும். புதுப் பேட் போட்டு பிஸ்டனை உள்ளே தள்ளியதும் லெவல் தானாக ஏறியது. நான் முன்கூட்டியே ஊற்றியிருந்தால் வழிந்து பெயிண்டையும் அரித்திருக்கும்.

போன வருஷம் மறுபடி விளக்கு. லெவல் குறைவு, ஆனால் பேட் பாதிக்கு மேல் இருந்தது. அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன், ஒரு பாட்டில் வாங்கி மேக்ஸ் வரை ஊற்றினேன், விளக்கு அணைந்தது, பிரச்சினை தீர்ந்தது என்று இருந்துவிட்டேன். மூன்றே வாரத்தில் திரும்ப எரிந்தது. தரையில் ஒரு சொட்டு கூட இல்லை என்பதால் திரும்பவும் ஊற்றினேன்! பெடல் முன்பைவிடக் கீழே போகிறது என்று மனைவி ஓட்டிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஒரு வீலைக் கூடக் கழற்றாமல் மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதித்ததும் ஆயிலை அழுத்தி வீல்களுக்கு அனுப்பும் பாகம்) மாற்றச் சொன்னார்கள். பழைய அண்ணனிடமே போனேன். "பிரேக் ஆயில் ஆவியாப் போகாது சார், எங்கயோ ஒழுகுது" என்றவர் நேராகப் பின் டயர்களின் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். இடது டயரில் ஈரக் கோடு. டிரம்மைக் கழற்றி, ஷூவை டிரம்மோடு அழுத்தும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கினால் ஆயில் கொட்டுகிறது, பிரேக் ஷூ நனைந்து ஊறிப்போயிருந்தது. ஒழுகியதில் பெரும்பகுதி டிரம்முக்குள்ளேயே தங்கியதால்தான் தரையில் தெரியவில்லை. மாஸ்டர் சிலிண்டரில் இரண்டு தனித்தனி லைன் இருப்பதால், ஒன்று மொத்தமாகக் காலியானாலும் இன்னொன்று ஓரளவு பிடிக்கும். அந்த தைரியத்தில் ஓட்டக் கூடாது, பிரேக் பிடிக்க ரொம்ப தூரம் ஆகும்.

மூல காரணம் என் சோம்பல். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள், நான் ஆறு வருஷம் மாற்றவில்லை. வீல் சிலிண்டருக்குள்ளே துரு பிடித்து, அந்தச் சொரசொரப்பு ரப்பரைக் கிழித்திருக்கிறது. இன்னொரு ஆபத்தும் உண்டு: டாட் 3 என்ற ரக பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய ஆயிலுக்குக் குறைந்தபட்ச அளவு 140 டிகிரிதான். மலை இறக்கத்தில் ஆயில் கொதித்தால் பெடல் அப்படியே அமுங்கிவிடும்.

இரண்டு பக்கமும் வீல் சிலிண்டர், ஷூ மாற்றி, புது ஆயில் ஊற்றி, நாலு வீலிலும் லைனுக்குள் புகுந்திருந்த ஏரை வெளியே எடுத்தோம். லேபரோடு நாலாயிரத்துக்குள் முடிந்தது.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு ஒன்று, சாவியைத் திருப்பியதும் இந்த விளக்கு ஒருமுறை எரிய வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டும் எரியவில்லை என்றால் பல்பு போயிருக்கலாம், இல்லை யாராவது வேண்டுமென்றே பிடுங்கியிருக்கலாம்.

ஆயில் டப்பாவில் மார்க்கரால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், பதினோரு மாதமாக லெவல் அசையவில்லை. காலையில் முதல் பிரேக்குக்கு மட்டும் பின்னால் லேசாக ஒரு கிறீச் வருகிறது, அடுத்த சர்வீஸில் டிரம்மைத் திறந்து பார்க்க வேண்டும்.